கம்பம் பள்ளத்தாக்குக்கு ஓர் உலக மேடை வேண்டாமா?

பட்டணத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். அவர்கள் உலகத்தைத் தேடிப் போகவேண்டியதில்லை. உலகமே அவர்களைத் தேடி வருகிறது. டிசம்பர் மாதம் பிறந்தால் சென்னையில் சர்வதேசத் திரைப்பட விழா. 2003-ம் ஆண்டில் தொடங்கிய விழா அது. ஜனவரியில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி. அது 2023-ம் ஆண்டில் தொடங்கியது. பல நாட்டுப் பதிப்பாளர்கள் வந்து உட்கார்ந்து, எந்தத் தமிழ்ப் புத்தகத்தைத் தங்கள் மொழிக்குக் கொண்டுபோகலாம் என்று பேரம் பேசுகிறார்கள். இவை போதாவென்று ஜெர்மானியருடைய மாக்ஸ் முல்லர் பவனில் ஒரு நாள் சங்கீதம். பிரெஞ்சுக்காரர்களுடைய அலியான்ஸ் பிரான்ஸேஸில் இன்னொரு நாள் நாடகம். உலக அரசியலைப் பற்றிய சொற்பொழிவுகளுக்கோ குறைவே இல்லை.

நல்லதுதான். நடக்கட்டும். ஆனால் நமக்கு ஒரு சந்தேகம். உலக விவகாரங்களைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் யாருக்கு அதிகம்? குளிர்சாதன மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, காப்பி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கா? அல்லது, எங்கோ ஒரு தேசத்தில் மழை பெய்தால் இங்கே வருமானம் படுத்துவிடும் என்ற நிலையில் வாழ்கிறவருக்கா?

இரண்டாவது ரகத்தைச் சேர்ந்த மனிதர்களைப் பார்க்க வேண்டுமானால் தேனிக்குப் போகவேண்டும். தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று மேற்கு மலையின் அடிவாரத்தில் வரிசையாக நிற்கும் ஊர்களைப் போல உலகத்தோடு பிணைந்த ஊர்கள் தமிழ்நாட்டில் வேறு எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. அப்படியிருந்தும், உலகத்தைப் பற்றிப் பேச அங்கே ஒரு நிரந்தர மேடை இல்லை. இருக்க வேண்டும் என்பது நம்முடைய அபிப்பிராயம். ஏன் என்று சொல்கிறோம்.

ஏலக்காயும் அரபு நாட்டுக் காப்பியும்

போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையம் இருக்கிறது. மலைத் தோட்டங்களில் விளையும் ஏலக்காய் அங்கே வந்து சேருகிறது. வியாபாரிகள் கணிப்பொறியின் முன்னால் அமர்ந்து விலை கேட்கிறார்கள். சில விநாடிகளில் ஒரு குவியலின் தலைவிதி முடிந்துவிடுகிறது. பார்ப்பவர்களுக்கு, இந்த வியாபாரிகள்தான் விலையைத் தீர்மானிக்கிறார்கள் என்று தோன்றும். அது பாதி உண்மை. மீதிப் பாதி கடல்களுக்கு அப்பால் இருக்கிறது.

முதல் உலகப்போர் மூண்ட காலத்தில், ஆஸ்கர் மாயுஸ் குளோஃபர் என்ற ஜெர்மானியத் தோட்டக்காரர், இந்தியப் பக்கத்திலிருந்து ஏல விதையைத் தருவித்து, மத்திய அமெரிக்காவிலுள்ள குவாதமாலா நாட்டின் மலைகளில் பயிரிட்டார். நம் வீட்டுப் பெண்ணைத் தூர தேசத்தில் கட்டிக்கொடுத்தது போல ஆயிற்று. போன பெண் அங்கே செழித்தாள். இன்று உலகத்திலேயே மிகுதியாக ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் நாடு குவாதமாலா. அந்நாட்டார் ஏலக்காயை அதிகம் சாப்பிடுவதில்லை. சவூதி அரேபியாவிலும் அதைச் சுற்றியுள்ள நாடுகளிலும் விருந்தாளிக்குக் கொடுக்கும் காப்பியில் ஏலக்காய் இல்லாமல் முடியாது. அங்கேதான் பெரும்பகுதி போகிறது. நம்முடைய சரக்குக்கும் அதே சந்தை வேண்டும்.

ஆகவே குவாதமாலாவில் புயலோ வறட்சியோ வந்தால் போடியில் விலை ஏறும். அங்கே நல்ல விளைச்சல் என்றால் இங்கே முகம் வாடும். பூச்சிமருந்தின் எச்சம் இருக்கிறதென்று சவூதி அரசாங்கம் இந்தியச் சரக்கைத் திருப்பினால், மலையில் மருந்து அடிக்கும் முறையையே மாற்றவேண்டியிருக்கும். 2019-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், எல்லைக்கு அப்பாலுள்ள புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வந்து விளைச்சலைக் கெடுத்திருந்த சமயம் அது. மூன்றே ஆண்டுகளில், 2022-ல், சராசரி விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. ஏறியபோது கடன் வாங்கித் தோட்டம் பிடித்தவர்கள், இறங்கியபோது பட்ட பாட்டை மலையடிவாரத்து ஊர்களில் கேட்டால் கதைகதையாகச் சொல்வார்கள்.

அந்த வீழ்ச்சியில் அடிபட்டவர்கள் தோட்டக்காரர்கள் மட்டும் அல்ல. பொழுது விடிவதற்கு முன்பே சோற்றுத் தூக்கோடு ஜீப்பில் ஏறி, போடி மெட்டு, கம்பம் மெட்டு, குமுளி வழியாக மலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்களே, அவர்களும்தான். காய் எடுக்கும் அந்தக் கைகளுக்கும் அரேபிய விருந்தாளியின் கோப்பைக்கும் சம்பந்தம் இருக்கிறது. அந்தச் சம்பந்தத்தை அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் யார்? விலை விழுந்தால் "வியாபாரிகளின் சூழ்ச்சி" என்கிறோம். ஏறினால் "ஆண்டவன் கிருபை" என்கிறோம். இரண்டுக்கும் நடுவே குவாதமாலா என்று ஒரு தேசம் இருக்கிறது என்பதைப் பேச ஒரு மேடை வேண்டாமா?

திராட்சையும் தண்டவாளமும்

ஏலக்காய் இங்கிருந்து உலகத்துக்குப் போனது. உலகத்திலிருந்து இங்கே வந்தது திராட்சை. கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, இந்தப் பெயரைச் சொல்லி விற்கும் உரிமை இந்த மண்ணுக்கே உரியது என்று சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. அந்தத் திராட்சையின் ரகப் பெயர் என்ன தெரியுமா? மஸ்கட் ஹாம்பர்க். ஹாம்பர்க் என்பது ஜெர்மனியிலுள்ள துறைமுகப் பட்டணம். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் மூலமாக இக்கொடி தமிழ்நாட்டுக்கு வந்தது என்று சொல்வார்கள். ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஒரு முறை காய்க்கும் கொடியை, கவாத்து செய்யும் காலத்தைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றி அமைத்து, ஆண்டு முழுவதும் பழம் கிடைக்கும்படி செய்துவிட்டார்கள் கம்பத்து விவசாயிகள். வந்த விருந்தாளியை வீட்டு மனிதராக்கிக்கொண்ட சாமர்த்தியம் அது.

போடிக்கு வரும் ரயிலுக்கும் உலகத்தோடு ஒரு வழக்கு உண்டு. 1928-ம் ஆண்டில் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. இரண்டாவது உலகப்போர் நடந்த காலத்தில், 1942-ல் அது நின்றது. போர்த் தேவைக்காகத் தண்டவாளத்தையே கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். ஹிட்லருக்கும் சர்ச்சிலுக்கும் சண்டை. தண்டவாளம் போனது போடிக்கு! சுதந்திரம் வந்து சில ஆண்டுகளுக்குப் பிறகுதான் மறுபடியும் வண்டி ஓடியது. பிறகு அகலப் பாதைக்காக 2010-ம் ஆண்டின் முடிவில் நிறுத்தினார்கள். 2023-ம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் போடி வரை வண்டி திரும்ப வந்தது.

"உலக விவகாரம் நமக்கெதற்கு?" என்று கேட்கிறவர்கள் இந்தச் சரித்திரத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாம் உலகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கலாம். உலகம் நம்மை விடுவதில்லை.

வெள்ளைக்காரருக்குப் பொங்கல்

வேறொரு அதிசயத்தையும் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் ஜனவரி 15-ம் தேதி கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் ஆங்கிலேய எஞ்சினியருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். கர்னல் ஜான் பென்னிகுயிக் 1841-ம் ஆண்டில் அதே தேதியில் புனாவில் பிறந்தவர். மேற்கே பாய்ந்து கடலில் கலந்த பெரியாற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்ட வேலைக்குத் தலைமை வகித்தவர். 1895-ம் ஆண்டு அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீரால் கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் விளைகிறது. அதற்குக் கீழே மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரைக்கும் அதன் கருணை நீளுகிறது.

பாலார்பட்டி போன்ற ஊர்களில் அவர் படத்துக்கு மாலை போட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். குழந்தைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியவர்கள் உண்டு. லோயர் கேம்ப்பில் 2013-ம் ஆண்டில் மணிமண்டபம் எழுந்தது. தேனி பஸ் நிலையத்துக்கும் அவர் பெயர்தான். 2022-ம் ஆண்டு செப்டம்பரில், அவர் காலமான இங்கிலாந்து தேசத்துக் கேம்பர்லி நகருக்கே போய்த் தமிழக அரசு சிலை வைத்தது. நம்மை அடக்கி ஆண்ட சாம்ராஜ்யம் வேறு, நமக்குத் தண்ணீர் கொடுத்த மனிதர் வேறு என்று பிரித்தறியும் விவேகம் நம் கிராமத்து ஜனங்களுக்கு இருந்திருக்கிறது. இதைவிடப் பெரிய சர்வதேசப் பண்பாட்டு விழா எந்தப் பட்டணத்தில் நடக்கிறது?

ஆனால் பொங்கல் பானை இறங்கியதும் விழா முடிந்துவிடுகிறது. அதுதான் நம் குறை. பென்னிகுயிக் தம் சொத்தையெல்லாம் விற்று அணையைக் கட்டினார் என்று ஊரெங்கும் சொல்கிறார்கள். அதற்குத் தக்க ஆவணம் இல்லை என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள். எது உண்மை என்று ஆதாரங்களை வைத்து ஒரு மாலை பேசினால் என்ன? அவர் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது. அணை கட்டிய காலத்தில் காட்டுக் காய்ச்சலிலும் காலராவிலும் மாண்டுபோன கூலியாட்கள் ஏராளம். அவர்களுக்கு மாலை போட்டவர் யார்? ஏ. டி. மெக்கன்ஸி என்ற எஞ்சினியர் 1899-ம் ஆண்டிலேயே பெரியாற்றுத் திட்டத்தின் வரலாற்றை எழுதி வைத்திருக்கிறார். அதைத் தமிழில் சொல்லி விளக்கினால், எந்த இடத்தில் எத்தனை முறை வெள்ளம் வந்து வேலையை அடித்துக்கொண்டு போயிற்று என்று கூடலூர் விவசாயி கேட்டு மகிழமாட்டாரா? ஒரு நாள் கும்பிடு போதும் என்று நாம் நினைத்துவிட்டோம்.

மலைக்கு அந்தப் பக்கம்

வெளிநாடு என்றால் கடல் தாண்ட வேண்டும் என்பதில்லை. கம்பத்திலிருந்து மலை ஏறினால் வேறு பாஷை, வேறு பத்திரிகை, வேறு பயம். 1886-ம் ஆண்டில் சென்னை மாகாணமும் திருவிதாங்கூர் சமஸ்தானமும் 999 ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட குத்தகை ஒப்பந்தம் இன்று இரண்டு மாநிலங்களுக்கு நடுவே நிற்கிறது. 2011-ம் ஆண்டு டிசம்பரில் அணைப் பிரச்னை கொதித்தபோது, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஆயிரக்கணக்கான ஜனங்கள் குமுளியை நோக்கித் திரண்டு போனார்கள். மலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் பயந்து கீழே இறங்கி வந்தார்கள். எல்லை அடைபட்டது. காய்கறி அழுகியது. கூலி போயிற்று. இரு பக்கத்திலும் நஷ்டப்பட்டவர் ஏழைகளே.

2014-ம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்றது. தமிழ்நாட்டின் உரிமை நிலைநாட்டப்பட்டது. அதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் தீர்ப்பு தண்ணீரைத் தரும். பக்கத்து வீட்டுக்காரரின் பயத்தைப் போக்காது. அணையின் கீழே வசிக்கும் இடுக்கிக்காரர் ஏன் அஞ்சுகிறார்? அணையைப் பலப்படுத்த நம்மவர் என்னென்ன செய்திருக்கிறார்கள்? இந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் ராமநாதபுரத்தில் என்ன ஆகும்? மலையாளம் பேசும் விவசாயியும் தமிழ் பேசும் விவசாயியும் ஒரே பந்தலில் உட்கார்ந்து, வக்கீல்கள் இல்லாமல், இதைப் பேசிக்கொண்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்! உலக சமாதானத்தைப் பற்றிப் பேசுவது சுலபம். குமுளியைப் பற்றிப் பேசுவதுதான் கஷ்டம்.

நியூட்ரினோ கற்பித்த பாடம்

பேச இடமில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் பொட்டிப்புரம்.

போடி மேற்கு மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க மத்திய அரசு திட்டம் போட்டது. 2015-ம் ஆண்டு ஜனவரியில் மந்திரி சபை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. நியூட்ரினோ என்பது எதன் மீதும் ஒட்டாமல் ஊடுருவிப் போகும் மிகமிகச் சிறிய துகள். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் ஒவ்வொரு விநாடியும் கோடி கோடியாக நம் உடம்பினூடே போகின்றன, நமக்குத் தெரிவதில்லை. மற்றத் துகள்களின் தொந்தரவு இல்லாமல் இதைப் பிடிக்க வேண்டுமானால் தலைக்கு மேல் ஒரு மலை வேண்டும். அதனால்தான் மலையைத் தேடினார்கள்.

இந்த ஆராய்ச்சி இந்தியாவுக்குப் புதிதல்ல. 1965-ம் ஆண்டிலேயே கோலார் தங்கச் சுரங்கத்தில், பூமிக்கடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், இந்திய, ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகள் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தைப் பதிவு செய்தார்கள். அந்தத் துறையில் பிற்பாடு செய்த ஆராய்ச்சிக்காக ஜப்பானியர் ஒருவருக்கும் கனடா நாட்டவர் ஒருவருக்கும் 2015-ம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மலையைக் குடைய வெடி வைத்தால் அணைகளுக்கு ஆபத்து வருமா? ஆடுமாடு மேய்க்கும் இடம் போகுமா? தண்ணீர் யாருடையது? அருகே கேரளத்துக் காடு இருக்கிறதே, அதன் கதி என்ன? இவை சாதாரணக் கேள்விகள் அல்ல. "பூவுலகின் நண்பர்கள்" போன்ற அமைப்புகள் எதிர்த்தன. திரு. வைகோ வழக்குத் தொடுத்தார். 2015-ம் ஆண்டு மார்ச்சில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை வேலைக்குத் தடை விதித்தது. 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018-ல் மத்திய அரசு மறுபடியும் அனுமதி கொடுத்தது. 2022-ம் ஆண்டில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. ஆய்வகம் அங்கே எழவில்லை.

ஆய்வகம் வந்திருக்க வேண்டுமா, வரக்கூடாதா என்பது நம் விவாதம் அல்ல. அந்த விவாதம் நடந்த முறையைத்தான் சொல்கிறோம். விஞ்ஞானிகள் தங்கள் கூட்டங்களில் விளக்கினார்கள். எதிர்த்தவர்கள் தங்கள் கூட்டங்களில் எச்சரித்தார்கள். இரண்டு மேடைகளும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. நியூட்ரினோ என்ற வார்த்தையை ஊர் ஜனங்கள் கேட்டதே, இடம் பார்த்துத் திட்டம் போட்ட பிறகுதான். பெண் பார்க்க வந்தவர்கள் கல்யாணப் பத்திரிகையையும் அச்சடித்துக்கொண்டு வந்தால் வீட்டார் சந்தேகப்பட மாட்டார்களா? பத்து ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மாதம் ஒரு முறை தேனியில் விஞ்ஞானம் பேசும் சபை ஒன்று இருந்திருந்தால், பொட்டிப்புரத்துக்காரர் சரியான கேள்விகளை முதல் நாளிலேயே கேட்டிருப்பார். விஞ்ஞானிகளும் பதில் சொல்லக் கற்றிருப்பார்கள். "வேண்டும்" என்றாலும் "வேண்டாம்" என்றாலும் அது தெரிந்து சொன்ன சொல்லாக இருந்திருக்கும்.

பாவலர் காலத்து மேடை

இந்தப் பள்ளத்தாக்குக்கு உலகம் பேசத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் வெட்டவெளியில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், விடிய விடிய உலகம் பேசிய ஊர்கள் இவை. கம்யூனிஸ்டு மேடையில் ருஷ்யாவும் சீனாவும் வியட்நாமும் வந்தன. திராவிட இயக்க மேடையில் இங்கர்சாலும் வால்டேரும் வந்தார்கள். காங்கிரஸ் மேடையில் நேருவின் பஞ்சசீலம் வந்தது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் கையில் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகப் போனார். 1958-ம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களை அவர் பாட்டு இழுத்துப் போயிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட மாஸ்கோ எந்தப் பக்கம் இருக்கிறது என்று வாதாடினார்.

அந்தப் பாவலரின் தம்பிதான் இளையராஜா. 2025-ம் ஆண்டு மார்ச் 8-ம் தேதி லண்டன் மாநகரில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய "வேலியண்ட்" சிம்பொனியை வாசித்தது. பண்ணைப்புரத்து மண் ஐரோப்பியரின் சங்கீத இலக்கணத்திலேயே ஐரோப்பியருக்குப் பாடம் சொன்ன நாள் அது. சிம்பொனி என்றால் என்ன, அதில் எத்தனை பகுதி, எந்த வாத்தியம் எதற்கு என்று பண்ணைப்புரத்துப் பள்ளிக்கூடப் பையனுக்கு உட்கார்த்தி வைத்துச் சொல்ல ஒரு சபை வேண்டாமா? பெருமைப்படுவது வேறு; ரசிப்பது வேறு.

பழைய மேடைகளைப் புகழும்போது ஒரு குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே கட்சி பேசியது, ஜனங்கள் கேட்டார்கள். எதிர்க்கேள்வி கேட்க இடம் இல்லை. இன்று நமக்கு வேண்டியது பேச்சாளர் மேடை அல்ல. கேள்வி கேட்கும் மேடை.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் வேண்டாம். மண்டபம் கட்ட வேண்டாம். போடியில் ஏலக்காய் விவசாயிகள் சங்கக் கல்லூரி இருக்கிறது. உத்தமபாளையத்தில் 1956-ம் ஆண்டில் தோன்றிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி இருக்கிறது. பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம் பெண்கள் கல்லூரி இருக்கிறது. ஊருக்கு ஊர் நூலகம் இருக்கிறது. மாதம் ஒரு மாலை, ஓர் ஊர், ஒரு விஷயம். இவ்வளவுதான்.

போடியில் ஏலக்காய் பேசலாம். தொலைபேசித் திரையில் குவாதமாலா விவசாயி ஒருவரை வரவழைத்து, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, "உங்கள் ஊரில் கூலி எவ்வளவு? என்ன மருந்து அடிக்கிறீர்கள்?" என்று கேட்கலாம். உத்தமபாளையத்தில் அரபு நாட்டில் உழைத்துத் திரும்பியவர்களைப் பேசச் சொல்லலாம். அவர்களைவிட அந்த நாடுகளை அறிந்த பேராசிரியர் யார்? கம்பத்தில் மெக்கன்ஸியின் புத்தகம். பெரியகுளத்தில் பிற நாட்டுப் பெண்களின் வாழ்வைக் காட்டும் திரைப்படம். அரசு மாவட்டந்தோறும் நடத்தும் புத்தகத் திருவிழா இப்போது தேனிக்கும் வருகிறது. அதில் ஒரு நாள் மாலையை உலக இலக்கியத்துக்கு ஒதுக்கலாம். சென்னையிலுள்ள பிற நாட்டுக் கலாசார நிலையங்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது மலையடிவாரத்துக்கு வரட்டும். போடிக்குச் சென்னையிலிருந்தே நேராக ரயில் வந்துவிட்டதால், தூரம் என்று சாக்குச் சொல்ல முடியாது.

சில விதிகளை மட்டும் கண்டிப்பாக வைக்க வேண்டும். பேச்சு தமிழில் இருக்க வேண்டும். பிற பாஷைக்காரர் வந்தால் உடனுக்குடன் மொழிபெயர்க்க வேண்டும். பாதி நேரம் கேள்விக்கு. விவகாரமான விஷயமென்றால் இரண்டு தரப்பும் ஒரே மேடையில். பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை கிடையாது. முன்வரிசை பிரமுகர்களுக்கு அல்ல. மலையிலிருந்து வேலை முடிந்து வருகிறவர்களுக்கு. கடைசி பஸ் புறப்படுவதற்கு அரைமணிக்கு முன்னால் சபை கலைய வேண்டும். இல்லாவிட்டால் பெண்கள் வரமாட்டார்கள். பெண்கள் வராத சபையில் கம்பம் பள்ளத்தாக்கின் பாதி உழைப்பு இல்லை என்று அர்த்தம்.

"கைப்பேசி இருக்கிறதே?"

"இதெல்லாம் சோறு போடுமா?" என்று சிலர் கேட்பார்கள். போடும். ஏலக்காய் விலை ஏன் ஏறுகிறது என்று தெரிந்தவர், உச்சத்தில் கடன் வாங்கித் தோட்டம் பிடிக்கமாட்டார். எந்த மருந்தை எந்த நாடு தள்ளுகிறது என்று தெரிந்தவர், சரக்கைத் திருப்பி வாங்கமாட்டார்.

"கைப்பேசியில் உலகம் முழுவதும் இருக்கிறதே, சபை எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கைப்பேசி நமக்குப் பிடித்ததையே மறுபடியும் மறுபடியும் காட்டுகிறது. அதில் பேசுகிறவரை நிறுத்தி, "ஐயா, அது எப்படி?" என்று கேட்க முடியாது. நம் கருத்துக்கு மாறானவர் பக்கத்தில் வந்து உட்காருவதும் இல்லை. சபையில் உட்காருவார். அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே அவரை மறுக்க வேண்டியிருக்கும். நாகரிகம் என்று சொல்கிறோமே, அது பழகும் இடம் அதுதான். 2011-ல் குமுளி எல்லையில் நமக்குக் குறைவாக இருந்ததும் அதுதான்.

"கலகம் வந்தால்?" என்று அதிகாரிகள் தயங்குவார்கள். பேசுவதால் வரும் கலகத்தைவிடப் பேசாததால் வந்த கலகம் அதிகம் என்பதை அவர்களுடைய கோப்புகளே சொல்லும்.

தேனி தனி மாவட்டமானது 1997-ம் ஆண்டில். அதற்கு முன்பு இது மதுரையின் ஒரு பகுதி. 1981-ம் ஆண்டு ஜனவரியில் மதுரையில் ஐந்தாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, பல தேசத்து அறிஞர்கள் பக்கத்தில் வந்து போனார்கள். ஒரு தலைமுறைக்கு ஒரு முறை வரும் திருவிழாவை நம்பிக் காத்திருப்பது இந்தக் காலத்துக்கு உதவாது. மாதம் ஒரு முறை, நம் ஊர்த் திண்ணையிலேயே நடக்க வேண்டும்.

தொடங்குவதற்கு நல்ல நாளும் இருக்கிறது. அடுத்த ஜனவரி 15-ம் தேதி பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைப்பவர்கள், பானை இறங்கிய பிறகு அந்தப் பந்தலைப் பிரிக்காமல் இரண்டு மணி நேரம் விட்டுவைக்கட்டும். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாலு பேரை விருந்துக்கு அழைக்கட்டும். முதலில் சர்க்கரைப் பொங்கல் கொடுங்கள். ஏலக்காய் தாராளமாகப் போட்டதாக இருக்கட்டும். பிறகு பேசுங்கள்.